தண்ணி காட்டுதல்

ஏப்ரல். காலை ஏழு மணிக்கே கெரெத்தாரோ கொதிக்கிறது.
தரவு மையம் எழும் இடத்தில், வேலியோரம்,
ஊதா நிறக் குழாய் ஒன்று
புது மாப்பிள்ளையின் செருப்பைப் போலத்
தூசி படாமல் கிடக்கிறது.

கட்டி முடித்தபின் எவ்வளவு குடிக்கும் என்று
மெக்சிகோ முழுக்க விவாதம்.
கட்டும்போதே குடிப்பதை யாரும் கேட்பதில்லை:
புழுதி அடக்க, மண் இறுக்க, கான்கிரீட் குழைக்க,
குழைத்ததை ஏழு நாள் ஈரத்தில் வைக்க,
லாரிச் சக்கரம் கழுவ.
கேட்பது என் வேலை. சம்பளம் அதற்குத்தான்.

அனுமதித் தாளில் ஒன்பதாம் விதி:
சுத்திகரித்த கழிவுநீர் மட்டுமே.
அந்த 'மட்டுமே'வுக்காக
மூன்று கூட்டங்களில் தொண்டை கட்டினேன்.
'முடிந்தவரை' என்று போடலாமே என்றார்கள்.
முடிந்தவரை என்பது குடத்து ஓட்டை.
மட்டுமே என்பது தக்கை.

மூன்று மாதமாக வருகிறேன்.
பொறியாளர் உர்பியோலா
மீட்டரைக் காட்டுவார், ரசீதைக் காட்டுவார்,
குளிர்பதனப் பெட்டியைத் திறந்து
புட்டித் தண்ணீரைக் காட்டுவார்.
மூன்று மாதம் எனக்குத் தண்ணி காட்டினார்.
இன்று கேட்டேன்:
தண்ணீரைக் காட்டுங்கள்.

டேங்கர் நின்றது. பத்தாயிரம் லிட்டர்.
ஓட்டுநர் எவரார்தோ வால்வைத் திறந்தான்,
என் கண்ணைப் பார்க்காமல்.
ஒரு குவளை பிடித்து மானியை முக்கினேன்.
கழிவுநீர், எத்தனை முறை கழுவினாலும்,
தான் கடந்துவந்த சமையலறைகளின் உப்பை மறக்காது;
இங்கே எண் ஆயிரத்தைத் தாண்டும்.
இது நானூற்றுப் பன்னிரண்டில் நின்றது.
கிணற்றுத் தண்ணீர்.
குடிக்கிற தண்ணீர்.

எந்தக் கிணறு என்று கேட்கவில்லை.
சக்கரத்தில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது.
எல் கராம்புயோ போகும் பாதையின் மண்.
அங்கே குழாயில் தண்ணீர் வியாழக்கிழமை மட்டுமே.
அந்த 'மட்டுமே'வுக்கு
எந்தக் கூட்டமும் நடக்கவில்லை.

"என் வீடும் அங்கேதான்" என்றான் எவரார்தோ,
நான் கேட்காத கேள்விக்கு.
"ஒரு நடைக்கு இருநூறு பெசோ."

உர்பியோலா ஓடி வந்தார்.
நேற்றிரவு தளம் போட்டிருக்கிறோம்,
ஈரம் நின்றால் மாலைக்குள் வெடிக்கும்,
வெடித்தால் உடைக்கணும், உடைத்தால் திரும்பப் போடணும்,
அதற்கு இதைப்போல் இரண்டு பங்கு தண்ணீர்.
கணக்கு சரி.
அதுதான் எரிச்சல்.

தளத்தின் மேல் கோணிச் சாக்குகள் விரித்திருந்தார்கள்.
குனிந்து கை வைத்தேன். சூடு.
காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி என்று
எழுதத் தோன்றியது. எழுதவில்லை.
அது கான்கிரீட். அதற்குக் காய்ச்சல் வராது.
எல் கராம்புயோவில் வரும்.

ஊதாக் குழாயைத் திறக்கச் சொன்னேன்.
நாறும், ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்றார்.
சுளிக்கட்டும். முகக்கவசம் கொடுங்கள், கையுறை கொடுங்கள்.
ஒருநாளும் திறக்காத வால்வு இறுகிப்போயிருந்தது;
நான்கு பேர் சேர்ந்து திருகினார்கள்.
முதலில் காற்று, பிறகு ஓர் இருமல்,
பிறகு தண்ணீர்.
சாக்குகள் கறுத்தன.

டேங்கருக்குச் சீல் வைக்க வேண்டும், விதிப்படி.
வைத்தால் பத்தாயிரம் லிட்டரும் ஆதாரமாகி
அலுவலக முற்றத்தில் நின்று பாசி பிடிக்கும்.
ஆதாரத்துக்கு ஒரு புட்டி போதாதா?
புட்டியில் தேதி எழுதினேன். எவரார்தோவிடம் சொன்னேன்:
எடுத்த இடத்திலேயே விட்டுவிடு.
"கிணற்றிலேயா?"
வீடுகளில்.
"நடைக்கூலி?"
உர்பியோலாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.
அங்கே ஒன்றும் இல்லை. பர்ஸை எடுத்தார்.

படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
அபராதத் தொகை இந்தக் கட்டடத்தின்
ஒரு கதவு விலைக்கு வராது.
ஓரத்தில் எழுதினேன்: நீர் திருப்பி அனுப்பப்பட்டது.
எந்த விதியின்படி என்று மேலதிகாரி கேட்பார்.
பத்தாம் விதி என்பேன்.
அதை இனிமேல்தான் எழுத வேண்டும்.

டேங்கர் கிளம்பியது. வால்வில் சின்ன ஒழுக்கு.
புழுதியில் புள்ளி வைத்துக்கொண்டே
வளைவு வரை போயிற்று.
இன்று திங்கள்.