வாங்க

பொத்தானுக்குப் பெயர் வைப்பது என் வேலை.
சத்துவாச்சாரியில் டயர் கடைக்கு மேல் மாடி,
ரப்பர் வேகும் நெடி ஏறிவரும் ஜன்னல்,
சம்பளம் மட்டும் பெங்களூரிலிருந்து.

முதலில் "வாங்கு" என்று வைத்தேன்.
முனிரத்தினம், காட்பாடி பார்சல் ஆபீஸ்,
ஒரு டீக்கும் இருநூறு ரூபாய்க்கும் சோதனைக்கு வந்தவர்,
போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:
"இன்னாப்பா, அடி வாங்குன்ற மாதிரி கீது."
"வாங்கவும்" என்று மாற்றினேன்.
"இது தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸு."

அன்று நாற்பத்திரண்டு டிகிரி.
கீழே கடைக்காரர்
லாரியை ஓரம் கட்டியவரைப் பார்த்து
"வாங்க" என்றார்.
அவ்வளவுதான்.
உள்ளே வருவதற்கும் அதே சொல்,
காசு கொடுத்து எடுப்பதற்கும் அதே சொல்.
வேறெந்த மொழிக்கு இந்த யோகம்!
ஆரஞ்சு நிறத்தில்
கட்டைவிரல் தானாக வந்து விழும் இடத்தில்
பதித்தேன்.
விற்பனை பதினான்கு சதவீதம் ஏறியது.
பெங்களூர் பிரசன்னா திரைக்குள்ளிருந்து கைதட்டினான்.

ஏறியவனுக்கு இறங்க மனம் வருமா.
"இன்னும் இரண்டே மீதம்" என்று எழுதினேன்.
கிடங்கை யாரும் எண்ணவில்லை.
இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே
ஒரு நிரல் குலுக்கிப் போடும் சோழி அது.
கடிகாரம் ஒன்று வைத்தேன்,
பூஜ்யத்தைத் தொட்டதும் வெட்கமில்லாமல்
மறுபடி பத்து நிமிடத்திலிருந்து கிளம்பும்.
வேண்டாம் என்பவருக்கும் வழி விட்டேன்,
சாம்பல் நிறத்தில், எறும்பு உயரத்தில்:
"வேண்டாம், எனக்கு மிச்சம் பிடிக்கத் தெரியாது."

பதிவுகளைப் பார்ப்பதும் என் வேலைதான்.
பெயர் இருக்காது, முகம் இருக்காது.
விரல் பட்ட இடமெல்லாம் ஒரு வெளிர் வட்டம்.
ஊர் மட்டும் தெரியும்: குடியாத்தம்.
இரவு பதினொன்று பத்து. மிக்ஸி, மூன்று ஜார்.
வட்டம் விலைக்குப் போனது, திரும்பியது,
ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியெல்லாம் தாண்டி
ஒற்றை நட்சத்திரக் குறையை நின்று படித்தது.
நான் முன்பே குறி போட்டு ஒளித்திருந்த
இருபத்தொன்பது ரூபாய் காப்பீட்டைத்
தேடிப் பிடித்து எடுத்தது.
சபாஷ் என்றேன், எனக்கு எதிராகவே.
பிறகு சாம்பல் வரிக்கு வந்து
நின்றது.

நான்கு நிமிடம்.
கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
மாசக் கடைசி வரை மிச்சம் பிடித்தே
வாழ்ந்திருக்கலாம் அந்த விரல்.
என் வாக்கியத்தின் கீழே
கையெழுத்துப் போடச் சொல்கிறேன் அதை.
போடவில்லை.
மேலே போய் "வாங்க"வை அழுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை லாங்கு பஜாரில்
போர்வை வாங்கப் போனேன்.
பதினோரு போர்வை விரித்துக் காட்டினார்கள்.
ஒன்றின் நிறமும் மனசுக்கு ஒட்டவில்லை.
இத்தனை கலைத்துவிட்டோமே என்று கூசி நின்றேன்.
மடித்துக்கொண்டே நிமிர்ந்தார் கடைக்காரர்:
"பாக்கறதுக்கு காசா கீது? போய்ட்டு வாங்க."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு
பழக்கடை வரை நடந்த பிறகுதான் உறைத்தது,
போகிறவனுக்கும்
அந்தச் சொல்லைத்தான் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை
சாம்பல் வரியை அழித்துவிட்டு
"போய்ட்டு வாங்க" என்று எழுதினேன்,
ஆரஞ்சுக்குச் சமமான உயரத்தில்.
எத்தனை சதவீதம் இறங்கும் என்றான் பிரசன்னா.
மூன்று இருக்கும் என்றேன். நான்கு என்று பட்டது.
சரி, பாதிப் பேருக்கு மட்டும் காட்டு,
ஒரு வாரம் பார்க்கலாம் என்றான்.

அன்றிரவு வீட்டில்
நானே ஒரு மிக்ஸியைக் கூடையில் போட்டேன்,
மூன்று ஜார்.
இரண்டே மீதம் என்றது.
சிரித்தபடி வேண்டாமென்று கீழே இறங்கினேன்.

மறு பாதியில் விழுந்திருக்கிறேன் போல.
எறும்பு உயரத்தில்
என் கையெழுத்துக்காகக்
காத்திருந்தது அது.