ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

நாகமலை முறிந்திருக்கிறது.
ஏழாவது படத்தில் சரிந்து வரும் அதன் முதுகு
எட்டாவதில் மூன்று புள்ளி மேலே ஏறித் தொடர்கிறது.
திரையில் அரிசி முனையளவுதான்.
தனராஜ் கேட்டிருப்பதோ பதினாறடிச் சுவருக்கு.
அங்கே அது படிக்கட்டாகிவிடும்.

மென்பொருள் தானாகவே இருநூறு ஊசி குத்தியிருந்தது,
இந்தப் படத்தில் ஒன்று, அந்தப் படத்தில் அதன் ஜோடி.
பாதி மேகத்தில்.
சமணர் மலைமேல் அன்றைக்கு நல்ல காற்று,
மேகம் நின்ற இடத்திலா நிற்கும்?
தாமரைக் குளத்து மினுக்கில் நாற்பது.
பனையோலை நுனியில் பதினொன்று.
ஒரு வெள்ளாட்டின் கொம்பில் ஒன்று;
ஆடு இரண்டு படத்திலும் இருக்கிறது
வெவ்வேறு புல்லை மேய்ந்தபடி.
அசைகிறதையெல்லாம் பிடுங்கிப் போட்டேன்.

பிறகு கையால்.
தண்ணீர்த் தொட்டியின் இடது மூலை,
செங்கல் காளவாசல் புகைபோக்கியின் வாய்,
மின்கோபுரத்தின் கழுத்து,
யாரோ பணமில்லாமல் நிறுத்திய மாடியில்
வானம் பார்த்து நிற்கும் கம்பி.
மறுபடி கணக்கிடு.
சராசரிப் பிழை மூன்றிலிருந்து ஒன்றரை.
லென்ஸின் வளைவையும் சேர்த்துத் திருத்து என்றேன்.
முக்கால். அரை.
மலை ஒட்டிக்கொண்டது.

ஒட்டியதும் கைப்பிடி விட்டுக்கொண்டது.
பாறைப் படியோரம், காலடியில்,
துருவேறிய இரும்பு
ஒரு விரற்கடை விலகி நிற்கிறது.
அதைச் சேர்த்தால் மலை முறிகிறது,
மலையைச் சேர்த்தால் அது.
இரண்டு மணி நேரமாக இதே கதை.
டீயில் ஆடை கட்டிவிட்டது.

கணக்கில் தப்பில்லை.
ஒரே இடத்தில் நின்றுதான் சுற்றினேன் என்று
கணக்கு என்னை நம்பியிருக்கிறது.
ஸ்டாண்டை வண்டியிலேயே விட்டுவிட்டு ஏறியவன் நான்.
ஏழு எடுத்து முடிக்கையில்
"பாத்து, பின்னால வழுக்கும்" என்றாள் நூருன்னிசா,
அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே.
அவள் பக்கமாய் அரையடி நகர்ந்திருக்கிறேன்.
எனக்குத் தெரியவில்லை.
அவ்வளவு தூரத்து மலைக்கும் தெரியவில்லை.
பக்கத்துக் கம்பிக்குத் தெரிந்திருக்கிறது.

தையலை இடம் மாற்றினேன்.
கைப்பிடி முன்பே அறுந்து கிடக்கும் தூணருகே,
பாறையின் நிழல் வழியாக இறக்கினேன்.
அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை.
விலகிய பிரதியை அழிக்கவில்லை.
பெயர் கேட்டது, வெறும் எண் போட்டேன்.

போனில் தனராஜ்:
"எல்லாம் ஜோர் தம்பி,
மலைய மட்டும் கொஞ்சம் நம்ம பிளாட் பக்கமா
நகத்திக் குடுத்துர முடியுமா?"