நீச்சல்

தங்கச்சிமடம். ஞாயிறு மறைக்கல்வி.
சார்ட்டில் நான் வரைந்த கடல்
நீல ஸ்கெட்ச் தீர்ந்துபோய்
பாதியில் வெளுத்திருந்தது.

"ராயப்பர் தண்ணீர்மேல் நடந்தார்.
காற்றைப் பார்த்தார், பயந்தார், அமிழ்ந்தார்.
ஆண்டவரே, காப்பாற்றும் என்று கத்தினார்."

ஜெரோபின் எழுந்தான்:
"டீச்சர், அவரு கடல் தொழில்தானே?
நீச்சல் தெரியாதா?"

பெஞ்சு குலுங்கச் சிரிப்பு.
என் குறிப்பேட்டில் இதற்குப் பதில் இல்லை.

கடைசி வரிசையில் அன்சிட்டா,
பென்சிலைக் கடித்தபடி:
"எங்கப்பாக்கும் தெரியும்.
போட்டு கவுந்த அன்னிக்கு
விடியுற மட்டும் கத்துனாராம்."

"யாரு கை குடுத்தா?"

"பாம்பன் வள்ளமாம்.
அப்பா ஏசப்பாங்கிறாரு."

சார்ட்டில் இயேசுவின் கை
கொஞ்சம் குட்டைதான்.
அவளே வந்து நீட்டி வரைந்தாள்,
ராயப்பரைத் தாண்டி,
நான் நீலம் தீட்டாத கடல்வரை.