எழுபத்தொன்பது புள்ளி இரண்டு

வோரு நகரில் நவம்பர். மூன்றரைக்கெல்லாம்
ஜன்னலில் வெளிச்சம் தீர்ந்துவிடுகிறது.
பேருந்து நிலையத்துக்கு ஆறு கடிகாரம்,
பிர்ச் பலகையில் முகம், மேலே கண்ணாடி.
வெள்ளிக்கிழமை மாட்டியாக வேண்டும்.

கண்ணாடி உட்காரவில்லை.
பன்னிரண்டிலும் ஆறிலும் இடம் விடுகிறது,
மூன்றில் முரண்டு, ஒன்பதில் முரண்டு.
எவால்டைக் கூப்பிட்டுக் கத்தினேன்:
வட்டம் வெட்டச் சொன்னால்
முட்டைக்கு மூடி செய்திருக்கிறாயே என்று.
அவன் பக்கம் ஏதோ அறுபடும் சத்தம்.
"ஹெல்வே, உன் பலகையை அள" என்றான்,
வைத்துவிட்டான்.

அளந்தேன்.
மேல்கீழாக முந்நூறு.
இடவலமாக இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

முதலில் கோப்பைச் சந்தேகித்தேன். திரையில்
எவ்வளவு பெரிதாக்கினாலும் வட்டம் வட்டம்தான்.
பிறகு வெட்டுமுனை. புதிதை மாட்டினேன்,
புதிதும் அதே பொய்யை
இன்னும் வழவழப்பாகச் சொன்னது.
பல்சக்கரத்தின் குட்டித் திருகை இறுக்கப் போனேன்,
அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.
தூசி உறிஞ்சும் குழாயில் மின்சாரம் தேங்கினால்
மோட்டாருக்குப் பிரமை பிடிக்குமாம்;
குழாய் நெடுகச் செம்புக்கம்பி சுற்றித்
தரைக்கு இறக்கினேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

ஒரு முறை தவறினால் பிழை.
எத்தனை முறை தவறினாலும் ஒரே அளவு என்றால்
அது பிழையில்லை, கொள்கை.

எட்டு மணிக்கு வெட்டுவதை நிறுத்தினேன்.
வெட்டுமுனையைக் கழற்றிவிட்டு
அந்த இடத்தில் ஒரு பால்பாயின்ட் பேனாவை
டேப் போட்டு ஒட்டினேன்.
வால்பேப்பர் சுருளின் பின்பக்கத்தில்
ஒரு சதுரம் போடு என்றேன்.
மரத்தூள் இல்லை, கூச்சல் இல்லை,
மோட்டார்களின் முனகல் மட்டும்.
மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன்:
இரண்டு மூலைவிட்டமும் ஒன்று.
ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்று சொல்லவும் வழியில்லை.
கூடம் நேராகத்தான் இருக்கிறது,
ஒரு பக்கம் மட்டும் குட்டை.

நூற்றுக்கு ஒன்று.
மரம் இப்படிக் கணக்காகத் தப்பு செய்யாது.
கணக்குதான் இப்படித் தப்பு செய்யும்.

அமைப்புகளைத் திறந்தேன்.
ஒரு மில்லிமீட்டர் நகர எத்தனை அடி வைக்க வேண்டும் என்று
மோட்டாருக்குச் சொல்லும் வரிகள்:
நெடுக்கே எண்பது.
குறுக்கே எழுபத்தொன்பது புள்ளி இரண்டு.

யார் கை வைத்தது?
இந்தக் கொட்டகைக்குச் சாவி ஒன்றுதான்,
அது என் கழுத்தில்.

போன வாரம்தான் குறுக்குப் பட்டையை மாற்றினேன்.
பழையது ஏழு வருடம் இழுபட்டு
நீண்டு போயிருந்தது, ஒவ்வொரு அடிக்கும்
கொஞ்சம் கூடுதலாகவே நடந்துகொண்டிருந்தது.
புதிது வாங்கக் காசில்லாத ஒரு குளிர்காலத்தில்
எண்ணைக் குறைத்திருக்கிறேன். நானேதான்.
நீண்ட பட்டையும் குறைந்த எண்ணும்,
இரண்டு பொய்கள், தோளில் கைபோட்டுக்கொண்டு
சரியான வட்டங்களாக வெட்டித் தந்திருக்கின்றன.
இப்போது பட்டை உண்மை பேசுகிறது.
நோய் போய்விட்டது, மருந்து மட்டும்
வேளை தவறாமல் இறங்குகிறது.

எண்பது என்று தட்டினேன். பேனா
முந்நூறுக்கு முந்நூறு போட்டது.

மறக்காமலிருக்க ஒரு சீட்டு எழுதி
கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டப் போனால்
அங்கே தூள் அப்பிய சீட்டு ஒன்று ஏற்கெனவே.
கட்டைவிரலால் துடைத்தேன். என் கையெழுத்து:
"பட்டை மாற்றினால் இதை எண்பதாக்கு, முட்டாளே."

ஆறு முகங்களும் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன.
நாளை மறுபடி பிர்ச் வாங்க வேண்டும்.
அதற்கு முன் எவால்டைக் கூப்பிட வேண்டும்.
மணி பத்தரை. தூங்கியிருப்பான்,
தூங்கியிருந்தால் நல்லது என்று
எண்ணைத் தட்டுகிறேன்.
முதல் மணியிலேயே எடுக்கிறான்.
"அளந்தாயா?" என்கிறான்.