கறுந்துரு

எங்கள் பக்கத்து மண்ணே துருதான்.
மெசாபி மேட்டில் மழை பெய்தால்
ஓடை சிவந்து ஓடும்.
எத்தனை முறை துவைத்தாலும்
சட்டைக் காலரில் ஒரு செம்மை மிஞ்சும்.
அதனால் வெண்டல் கர்பினென்
பன்றிக்கொழுப்பு டப்பாவை என் மேசையில் கவிழ்த்தபோது
சுரங்கத்துக் கட்டி ஏதோ என்றுதான் நினைத்தேன்.
பிறகு விசைவில் தெரிந்தது.

"அப்பாவுடையது.
ஓயிவா இதை ஐம்பத்தொன்றில் வாங்கினார்.
ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.
வாங்கிய அன்று எப்படி இருந்ததோ
அப்படி வேண்டும்."

எங்கே இருந்தது?

"சவுனாவில்.
மேல் பலகைக்குப் பின்னால், சுவருக்குள்.
கோடையில் இடித்தபோது கிடைத்தது."

ஜனவரி. வெளியே மைனஸ் முப்பது.
உருளை அசையவில்லை.
சூடு காட்டவும் பயம்:
உள்ளே என்ன உறங்குகிறதோ.
எண்ணெயில் ஊறவைத்தேன், பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள், மரச்சுத்தியால்
குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோலத் தட்ட,
ஏப்பம் விட்டாற்போல் கழன்றது.

ஐந்து அறைகளில் பாசிப்பச்சை பூத்த தோட்டாக்கள்.
ஆறாவதில் வெறும் உறை.
அதன் அடியில், நடுவில் சற்றே விலகி,
ஊசி குத்திய சின்னப் பள்ளம்.

கரடியாக இருக்கலாம்.
கால் ஒடிந்த நாயாக இருக்கலாம்.
புத்தாண்டு இரவில் வானத்தைக்கூடச் சுட்டிருக்கலாம்.
வானத்தைச் சுட்டவன் எதற்குச் சுவருக்குள் ஒளிக்கிறான்?

உறையை ஒரு காப்பிக் கோப்பையில் போட்டுவிட்டு
உப்புத்தாளை எடுத்தேன்.
இருநூற்றிருபது, முந்நூற்றிருபது, நானூறு.
குழல் முனையில் மூன்று பள்ளங்களை விட்டுவைத்தேன்;
அவற்றைத் துரத்தினால்
கம்பெனி பெயரும் கூடவே போய்விடும்.

நீலம் ஏற்றுவது என்பார்கள், ஆனால்
நான் ஏற்றுவது துருவைத்தான்.
அமிலம் தடவி ஈரப்பெட்டியில் தொங்கவிட்டால்
விடிவதற்குள் செந்நிறப் பூனைமயிர் முளைத்திருக்கும்.
அதைக் கொதிநீரில் இறக்க வேண்டும்.
இருபது நிமிடத்தில் சிவப்பு கறுக்கும்.
கம்பிப்பஞ்சால் தேய்த்து, மறுபடி அமிலம்,
மறுபடி ஈரம், மறுபடி கொதி.
ஏழு முறை.
கறுத்த துரு சிவந்த துருவை உள்ளே விடாது.

நான்காம் முறை, பானையின் ஆவியில்
கண்ணாடி மூடிப்போய் ஒன்றும் தெரியாமல் நின்றபோதுதான்
உறைத்தது.

ஓயிவா முப்பத்திரண்டு வருடம் இரும்பை வெட்டியவர்.
மரக்கொட்டகை இருந்தது, பரண் இருந்தது,
உலர்ந்த நிலவறை இருந்தது.
புதனும் சனியும் கல்லில் தண்ணீர் ஊற்றுகிற அறையில்,
ஆவி முதலில் போய்ச் சேரும் மேல் பலகைக்குப் பின்னால்
இதை வைத்தார்.
குடும்பமே வியர்த்துக் குளித்திருக்கிறது,
பீர்ச்சக் குச்சியால் முதுகில் அடித்துக்கொண்டு,
முதுகுக்குப் பின்னால் அது மெல்ல மெல்ல
மண்ணாகிக்கொண்டிருக்க.

ஒளித்ததாகவே தோன்றவில்லை எனக்கு.
அடுப்பில் ஏற்றிவிட்டுக் காத்திருந்திருக்கிறார்.
நான் பாதியில் இறக்கிவிட்டேன்.

மிச்சம் மூன்று முறையையும் முடித்தேன்.
வாங்கிய கூலிக்கு வேறென்ன செய்ய?

வெண்டல் வந்தார். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கத்தரிக்காய்த் தோல்போல இருக்கிறது" என்றார்.
தோட்டாக்களை ஷெரிப் அலுவலகத்தில் கொடுத்த ரசீதை நீட்டினேன்.
ஐந்து என்று எழுதியிருந்ததை
விரல் வைத்து வாசித்தார்.
காப்பிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

எட்டிப் பார்த்தார். எடுக்கவில்லை.
மூக்கைச் சீந்திக்கொண்டார்; குளிர்தான் காரணம் என்று வையுங்கள்.
பணத்தை எண்ணினார், இருமுறை.

"இந்த நீலம் எத்தனை வருடம் தாங்கும்?"

எண்ணெய் போட்டு, உலர்ந்த இடத்தில் வைத்தால்
உங்கள் பேரன் காலத்துக்கும் என்றேன்.

கையுறைகளை மாட்டிக்கொண்டே,
கதவைப் பார்த்தபடி கேட்டார்:
"ஈரமான இடத்தில்?"