கரி

பெப்ரவரி. மைனஸ் இருபத்தெட்டு.
எட்மன்ரனில் மூக்குக்குள் முடிகூட உறைந்து குத்துகிறது.
ஆலோசகர் ஹால்வர்சனின் அறையில் மட்டும்
ஒரு தொட்டிச்செடி
இது கோடை என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

"சட்டக் கல்லூரிக்குப் போக
இன்ன பாடம்தான் என்று விதியில்லை, பிரிண்டா.
எதை எடுத்தாலும் சரி"
என்கிறார், நல்ல செய்தி சொல்பவர்போல.
(பிருந்தாஜினி. பரவாயில்லை.)

எதை எடுத்தாலும்.
அம்மாவோடு சேலைக்கடையில் நிற்கும்போதும்
எனக்கு இப்படித்தான் தலை சுற்றும்.

அப்பா முன்னமே கணக்குப் போட்டுவிட்டார்,
எரிவாயு பில்லின் பின்பக்கத்தில்,
இரவு வேலைக்குப் போகுமுன்:
அரசறிவியல், சராசரி ஏறும்.
சமூகவியல், இன்னும் ஏறும்.
புவிச்சரிதவியல்,
கேள்விக்குறி. அதன்மேல் இன்னொரு கேள்விக்குறி.
அவர்கள் புள்ளியைத்தான் பார்ப்பார்களாம்,
கல்லைப் பார்க்கமாட்டார்களாம்.

பிழையென்று சொல்ல முடியவில்லை.
முதல் ஆய்வுகூடத் தேர்வில் எனக்கு சி பிளஸ்.
குவார்ட்ஸைக் கால்சைட் என்று எழுதியவள் நான்.

ஆனால் அந்த மரப்பெட்டிகள்.
பூமிக்குள்ளிருந்து உருவியெடுத்த பாறைத் தண்டுகள்
வரிசையாய்ப் படுத்திருக்கும்.
கேள்வி ஒன்றுதான்: எது முதலில் நடந்தது?
பார்த்தவர் எவருமில்லை.
இருந்தும் எழுதவேண்டும்.
எவ்வளவு உறுதி என்பதையும்
பக்கத்தில் எழுதவேண்டும்.

அம்மா அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பவள்.
சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியில்.
பத்து வயதிலிருந்து
கதவுக்கு இந்தப் பக்கம் நான்.
யாரோ ஒருவரின் கதை ஆங்கிலத்தில் வரும்,
அம்மாவின் குரலில், 'நான்' என்று.
நான் வேலியால் பாய்ந்தேன் என்பாள்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பாள்.
வேறு சாட்சி இல்லை என்பாள்.
பிறகு வெளியே வந்து
பருப்புக்கு உப்புப் போட்டாயா என்று கேட்பாள்.

சட்டம் படிக்க முடிவெடுத்தது
அந்தக் கதவடியில்தான்.
மற்றது, ஒக்ரோபரில்.
ஆற்றங்கரைச் சரிவுக்குக் கூட்டிப்போனார்கள்.
சாம்பல் களிக்கும் மஞ்சள் மணலுக்கும் நடுவே
ஒரு சாண் தடிப்பில் கறுப்புக் கோடு.
காடாக இருந்ததாம்.
தொட்டேன்.
கையுறையில் பிடித்தது இன்னும் போகவில்லை.

அன்றிரவு அம்மாவின் மேசையில்
திறந்து கிடந்தது அகராதி.
கரி: எரிந்து மிஞ்சியது.
கரி: யானை.
கரி: சாட்சி.
யானையை விட்டுவிட்டு
மற்ற இரண்டையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை ஹால்வர்சனிடம் எப்படிச் சொல்வது?
எந்த மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவது?
பேசாமல் படிவத்தின் கட்டத்தை நிரப்பினேன்.
"சுவாரசியம்" என்றார்.
மனப்பாடமாய்ச் சொன்ன ஒரு சுவாரசியம்.

றெயில் நிலையத்தில் நின்று
அப்பாவுக்கு எடுத்தேன்.
சராசரி விழலாம் என்பதை முதலில் சொன்னேன்,
பிறகு பாடத்தின் பெயரை.
பின்னால் ஃபோர்க்லிஃப்ற் பின்வாங்கும் சத்தம்,
பீப், பீப், பீப்.
வேறொன்றுமில்லை.

"வெளிய மலையெல்லாம் ஏறவேணுமே?"
ஓம்.
"சப்பாத்து?"
இரும்பு முனை வைச்சது வேணுமாம்.

மறுபடி பீப், பீப்.

"என்ரை உனக்குப் பெரிசு"
என்றார்.