முப்பத்தெட்டு லிட்டர்

பூடோ நகரத்து ரொட்டிக்கடை வண்டியை
விலைக்கு வாங்கினோம், நானும் ஐலிஃபும்.
பின்கதவைத் திறந்தால்
இன்னும் ஏலக்காய் மணக்கும்.
படுக்கை போட்டாயிற்று. அடுப்பு வைத்தாயிற்று.
அடுப்புக்கும் சக்கர மேட்டுக்கும் நடுவே
அறுபதுக்கு நாற்பதில் ஓர் ஓட்டை.
அந்த ஓட்டைக்காகப்
பதினோரு நாள் சண்டை.

அவருக்கு எரிவாயுவில் ஓடுவது வேண்டும்.
ஒரே ஒரு நீலச் சுடர்.
எதுவும் சுழலாது, எதுவும் முனகாது.
தீயைக் கொடுத்தால் குளிரைத் தரும் விந்தை.
ஆனால் சமதளம் கேட்கும்;
கொஞ்சம் சாய்ந்து நிறுத்தினால்
முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.
“நார்வேயில் சமதளம் எங்கே இருக்கிறது,
கடலை விட்டால்?” என்றேன்.

எனக்குக் கம்ப்ரசர்.
மேட்டிலும் ஓடும், சரிவிலும் ஓடும்,
பன்னிரண்டு வோல்ட் போதும்.
“ராத்திரி பூரா பேசுமே” என்றார்
மீன்பிடிக் கப்பலின் எஞ்சின் அறையில்
இருபத்தாறு வருஷம் கிடந்த மனிதர்.
மீதி ஆயுளுக்கு நிசப்தம் வேண்டுமாம்.

திரொம்சோ கடைக்காரர் எங்கள் முன்னால்
இரண்டு கதவைத் திறந்து காட்டினார்.
முன்பக்கம் திறப்பது அழகுதான்,
திறந்ததும் குளிரெல்லாம் வழிந்து
கால்விரலில் கொட்டியது.
மேல்மூடி வைத்ததில்
கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.
குனிந்து துழாவ வேண்டும், வெண்ணெய் எப்போதும் அடியில்.
சரி, குனிகிறேன் என்றேன்.

ரசீதின் முதுகில் கணக்குப் போட்டோம்.
ஓடும்போது நாலு ஆம்பியர்,
நாளில் எட்டு மணி நேரம் ஓடும்: முப்பத்திரண்டு.
விளக்கு, பம்ப், போன்: பத்து.
பேட்டரியின் நெற்றியில் நூறு என்று எழுதியிருக்கும்,
பாதிக்கு மேல் தொட்டால் ஆயுள் குறையும்.
லித்தியம் கேட்டால் வண்டியில் பாதி விலை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு;
இங்கே ஆறே கிடையாது, சொட்டுத்தான்.

“ஜூனில் சூரியன் மறையாது, சுன்னிவா!
இருபத்து நாலு மணி நேரமும் வருமானம்!”
கூரையில் சோலார் தகட்டை ஒட்டிவிட்டு
அண்ணாந்து நின்றார்.
நடுநிசிச் சூரியன் வந்தது,
வாசலோடு நலம் விசாரித்துப் போகும் ஆள்போல்
தகட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போனது.
மீட்டரில் பூஜ்யம் புள்ளி மூன்று.

சென்யா தீவில் மூன்று நாள் மேகம்.
மூன்றாம் இரவு ஐலிஃப் துள்ளி எழுந்தார்.
“என்ன?”
“நின்றுவிட்டது.”
நிசப்தம் கேட்ட மனிதரைத்தான்
நிசப்தம் எழுப்பியது.
உள்ளே நாலு கிலோ காட் மீன்,
வெளியே வெளுத்த காலை நாலு மணி.
எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டி
பக்கத்து வண்டியின் போலந்துப் பெண்களைத் தட்டி எழுப்பினோம்.
பல் விளக்காமல் சூப் குடித்தார்கள்.
ஒருத்தி இரண்டாம் முறையும் கேட்டாள்.

அதன்பின் எஞ்சினிலிருந்து
விரல் தடிமனில் ஒரு கம்பி இழுத்தோம்.
ஓட்டினால் நிறையும்.

இப்போது ஜனவரி, ஆல்டாவுக்கு வெளியே.
சூரியன் எழவே இல்லை,
தகட்டின்மேல் முழங்கை ஆழப் பனி.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பெட்டியை அணைத்துவிட்டோம்.
பால், முட்டை, உருளைக்கிழங்கு
உறைந்துவிடாமல் இருக்க
அதற்குள்தான் வைக்கிறோம்.
ஒரு ஆம்பியர்கூடச் செலவில்லை.

ஆனாலும் ஹீட்டர் அடங்கிய பிறகு
சில இரவு
போர்வை விலகும் சத்தம்.
இருட்டில் குமிழ் திருகும் சத்தம்.
பெட்டி ஒரு கனைப்புக் கனைத்து ஓடத் தொடங்கும்.
பத்து நிமிஷம். அதற்குள் குறட்டை வந்துவிடும்.
நான் எழுந்து போய் அணைப்பேன்.
நாளைய பயணத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர்
அந்தக் கடனுக்கு.
சொல்லிக்காட்டுவதில்லை.